பேகன் வாயிலில் நால்வர்

புறப்பாட்டுக்களைப் பயிலும் மாணவர் ஆண்டுதோறும் ஒரு வினாவை எழுப்புகின்றனர். பாடியவர்க்குப் பொன்னும் யானையும் ஊரும் வழங்கிய ஓர் உலகில், பாடியவனுடைய சொல் எந்த அளவிற்கு அவன் சொல்? கொடுப்பார் உளர் என்று அறிந்து பாடப்பெற்ற பாட்டில் உண்மைக்கு இடம் உண்டா? வினா முறையானதே. அதற்கு நம்மிடையே வழங்கும் விடைகள்தாம் முறையாக இல்லை.

ஒரு சாரார், புலவர் வறுமையால் பாடினர், வாங்கினர், வாங்கியதற்கு ஏற்பப் புகழ்ந்தனர் என்று முடித்துவிடுவர். மற்றொரு சாரார் புலவரை முற்றத் துறந்தாரைப்போலக் காட்டுவர். அதியமான் தம்மைக் காணாமலே அனுப்பிய பரிசிலை ஏலாது, தாம் பொருளுக்குச் சொல்லை விற்கும் வணிகர் அல்லர் என்று உரைத்த பெருஞ்சித்திரனார் பாட்டு (புறம் 208) இவர்க்குப் பெருந்துணை. ஆயின் அதே பெருஞ்சித்திரனார் குமணனிடம் யானை வேண்டும் என்று கேட்டுப் பெற்றவர் என்பதை இவர் மறந்துவிடுவர். முன்னவர் கூற்றில் புலவன் கூலியாள் ஆகின்றான்; பின்னவர் கூற்றில் அவன் வயிறே இல்லாதவன் ஆகின்றான். இரண்டும் பாட்டுக்களை முழுதும் நோக்காமல் எழுந்த முடிபுகள்.

பரிசில் வேண்டும், ஆனால் இப்பரிசில் வேண்டா என்று சொல்லும் நிலை ஒன்று உண்டு. அந்நிலையில் புலவன் அவையைவிட்டு விலகுவதில்லை. அவையின் வழக்கத்திற்குள் நின்றே, பெறுவோன் என்னும் உரிமையைக் கொண்டே, கொடுப்போனைத் திருத்துகின்றான். இந்நிலையை மிகத் தெளிவாகக் காட்டுவன, வையாவிக் கோப்பெரும்பேகனைப் பற்றிப் புறநானூற்றில் தொடர்ந்து நிற்கும் ஐந்து பாட்டுக்கள் (143–147). இவற்றைக் கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்னும் நால்வர் பாடினர். பரணர் மட்டும் இரண்டு பாடினார். பேகன் தன் மனைவியைத் துறந்து வேறொருத்திபால் சென்றான் என்பதும், அது காரணமாக இப்பாட்டுக்கள் எழுந்தன என்பதும் அடிக்குறிப்புக்களால் அறியப்படும்.

இவ்வைந்தையும் முன்னோர் பெருந்திணையில், குறுங்கலி என்னும் துறையில் அடக்கினர். கணவன் துறந்தமையால் வருந்தும் மகளின் துயர் பொருளாதலின் அவ்வாறு அடக்கினர் போலும். துறைக்குறிப்புத் தவறு என்று யாம் கூறவரவில்லை. ஆனால், அக்குறிப்பு நம் கண்ணை ஒரு பக்கமே திருப்பிவிட்டது. இவற்றை மனைவியின் துயர்ப்பாட்டாக மட்டும் படித்துப் பழகிய நாம், இவற்றின் கட்டமைப்புப் பரிசில் பாட்டின் கட்டமைப்பு என்பதைக் காணத் தவறினோம். மலையைக் கடந்து வருதல், யாழை இசைத்தல், வள்ளலின் நாட்டைப் பாடுதல், வாயிலில் நின்று வாழ்த்துதல், வேண்டியதைச் சொல்லுதல் எனப் பரிசிலன் ஒருவன் செய்வன எல்லாம் இவற்றுள் உள. வேண்டியது மட்டும் வேறு.

ஐந்தனுக்கும் முன்னே நிற்கும் இரண்டு பாட்டுக்களைச் சேர்த்துப் படித்தல் இன்றியமையாதது. 141-உம் 142-உம் பரணர் பேகனைப் புகழ்ந்தவை. மயில் உடுத்தாது, போர்த்தாது என அறிந்திருந்தும் அதற்குத் தன் போர்வையை அளித்த செய்தி 141-இல் வருகின்றது. அவன் கொடை மறுமைப்பயன் கருதியது அன்று, பிறர் வறுமையைக் கருதியது என்று பாட்டு முடிகின்றது. இது பேகன்மேல் புலவர் எழுதி வைத்த ஓர் ஆவணம் எனலாம். பிறர் இன்மையைக் கண்டால் கண்டவாறே இரங்குபவன் இவன் என்பது அதன் பொருள்.

142 இன்னும் நுட்பமானது. அதில் பேகன் மழைக்கு ஒப்பாகின்றான். எந்த மழைக்கு? வற்றிய குளத்திலும் பெய்து, அகன்ற வயலிலும் பொழிந்து, வேண்டும் இடத்திற்கு உதவாமல் உவர்நிலத்தையும் நனைக்கும், வரையறை அறியாத மழைக்கு. இதனைக் கொடைமடம் என்று பாராட்டி, போரில் அவனிடம் அம்மடம் இல்லை என்று பரணர் முடிக்கின்றார். பாராட்டுத்தான், ஐயமில்லை. ஆயினும் வேண்டும் இடத்திற்கு உதவாமை என்னும் ஒரு சொற்பொருள் அப்பாராட்டின் உள்ளே கிடக்கின்றது. அடுத்த ஐந்து பாட்டையும் படித்துவிட்டு மீண்டும் 142-க்கு வருவார்க்கு அச்சொற்பொருள் முன்போல் அமைதியாக இராது. பரணர் எப்பாட்டை முதலில் பாடினார் என்று ஈண்டு வாதிட வேண்டுவதில்லை. தொகுத்தோர் இவ்வரிசையில் வைத்தனர். இவ்வரிசையில் படிக்கும்போது புகழ் ஒன்று கேள்வியாக மாறுவதை நாம் காண்கின்றோம்.

கபிலர் பாட்டு (143) மழையிலேயே தொடங்குகின்றது. குறவர் மழை வேண்டிப் பலி தூவினர், மழை மிகுந்தது, இனி மேகம் மேலே செல்க என்று மீண்டும் தெய்வத்தைப் பரவினர், மழை மாறிய மகிழ்ச்சியில் புனத்துத் தினையை உண்டனர். இத்தகைய நாட்டை உடையவனே என்று பேகனைக் கபிலர் விளிக்கின்றார். பெய்க என்றால் பெய்யவும், நில் என்றால் நிற்கவும் அவன் மலைத்தெய்வம் அறிந்திருக்கின்றது. அவன் அறிந்தானா? கபிலர் இவ்வாறு கேட்கவில்லை. நேற்று நிகழ்ந்ததைச் சொல்லுகின்றார். வழிநடையால் வருந்திய சுற்றம் பசித்தது. அருவி முரசுபோல் ஒலிக்கும் மலைச்சாரலின் சிற்றூரில் ஒரு வாயிலில் நின்று உன்னையும் உன் மலையையும் பாடினோம். அங்கே ஒருத்தி, நிறுத்த இயலாத கண்ணீர் மார்பை நனைக்கக் குழல் ஏங்குவதுபோல் அழுதாள். அவள் யார், இரங்கத்தக்கவள் என்கின்றார். பாட்டு அவ்வளவே. வேண்டுகோள் இல்லை. அவள் யார் என்று கபிலர்க்குத் தெரியாதா? தெரியும், பேகனுக்கும் தெரியும். தெரிந்த ஒன்றைத் தெரியாதார்போல் வினவியமையால், விடை சொல்லும் கடமை கேட்டவனிடம் சென்றுவிட்டது. பேகனின் புகழ்ப்பாட்டே அவளை அழச்செய்தது என்பதையும் நோக்குக. புகழைப் பாடிப் பரிசில் பெறுவதே பரிசிலன் தொழில். ஈண்டு அதே புகழ் ஒரு வாயிலில் கண்ணீராயிற்று என்னும் செய்தியைப் புகழப்பட்டவனிடமே அவன் கொண்டுவந்து ஒப்படைக்கின்றான்.

பரணரின் முதற்பாட்டு (144) இவ்வளவு அடக்கமாக இல்லை. நீ அருளாமை கொடிது என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகின்றார். மாலையில் சிறிய யாழில் செவ்வழிப் பண்ணை அமைத்து உன் கானத்தைப் பாடினோம்; ஒருத்தி கலங்கி அழுதாள்; எம் அன்பிற்குரியவனுக்கு நீ உறவோ என்று தொழுது வினவினோம் என்கின்றார். அவள் விடை மறக்கத்தக்கதன்று. விரலால் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, நாங்கள் அவனுக்கு உறவல்லேம் என்கின்றாள். எம்போன்ற ஒருத்தியின் நலத்தை விரும்பி, ஒலிக்கும் தேரோடு அவன் நாள்தோறும் முல்லைவேலி நல்லூருக்கு வருகின்றான் என்று ஊரார் சொல்லுகின்றனர் என்கின்றாள். கணவனைப் பற்றிய செய்தியை மனைவி ஊரார் சொல்லாகக் கேட்டு அறிகின்றாள். அவனைப் புகழ் விளங்கும் பேகன் என்றே குறிக்கின்றாள். புலவன் வாயில் பாராட்டாக இருந்த அடைமொழி அவள் வாயில் என்னவாகின்றது என்பதை விளக்கவேண்டுவதில்லை.

அடுத்த பாட்டில் (145) பரணர் மயிலுக்குத் திரும்புகின்றார். மயில் குளிரால் நடுங்கும் என்று அருளிப் போர்வை ஈந்தவனே என்று விளிக்கின்றார். 141-இல் புகழாக இருந்த செய்தி ஈண்டுச் சான்றாகிவிட்டது. தொடர்ந்து, யாம் பசித்தும் வரவில்லை, காக்கவேண்டிய சுற்றச்சுமையும் எமக்கு இல்லை என்கின்றார். பரிசிலன் வாயிலில் நின்று சொல்லும் வழக்கமான முறையீடு பசியும் சுற்றமும். அவ்விரண்டையும் தாமே விலக்கிக்கொள்கின்றார். விலக்கிய பின்னர்த்தான், யாம் இரந்த பரிசில் இது என்று ஒன்றைச் சுட்டுகின்றார்: இன்றிரவே மணி ஒலிக்கும் நெடுந்தேரில் ஏறிச் சென்று, துயரோடு உறைபவளின் துன்பத்தைக் களைக. முன்னைப் பாட்டில் நல்லூருக்கு ஒலித்துச் சென்ற தேர் இப்பாட்டில் திருப்பப்படுகின்றது. பரிசில் என்னும் சொல்லைப் பரணர் கைவிடவில்லை என்பதே ஈண்டு முதன்மையானது. அறிவுரை என்று பெயரிட்டிருந்தால் பேகன் கேட்கலாம், கேளாதும் விடலாம். பரிசில் என்று பெயரிட்டமையால், மறுத்தால் இல்லை என்று சொன்ன வள்ளல் ஆவான். எவர்க்கும் இல்லை என்னாதவன் என்று புகழ்ந்த அதே நாவினர் அவனை அந்த இக்கட்டில் நிறுத்துகின்றனர்.

அரிசில்கிழார் (146) இதனை இன்னும் வெளிப்படையாக்குகின்றார். உன் அணிகலச் செல்வம் அவ்வாறே இருக்கட்டும், அவற்றைப் பெறுதலை வேண்டேம். உன் நாட்டைப் பாடியதற்கு மகிழ்ந்து எனக்குப் பரிசில் தருவதாயின் உன் குதிரைகளைத் தேரில் பூட்டுக என்பது அவர் கூற்று. எதற்காக? நீ அருளாமையால் மெலிந்தவளின் கூந்தல் நறும்புகை பெறவும், மாலை சூடவும். அக்கூந்தலுக்கு அவர் தந்த உவமை, மயிலின் தோகையைக் காலுறக் குவித்தாற்போன்றது என்பது. கூந்தலுக்குத் தோகையை உவமித்தல் எங்கும் உள்ளதுதான். ஆனால் மயிலுக்குப் போர்வை அளித்தவன் முன்னிலையில் அவன் மனைவியின் கூந்தலை மயில்தோகை என்பது எங்கும் உள்ளது அன்று.

பெருங்குன்றூர்கிழார் பாட்டு (147) ஐந்தனுள் குறுகியனவற்றுள் ஒன்று. பல மலை கடந்து, சிறுயாழில் அதே செவ்வழியைப் பண்ணி வந்தோம். கார்கால மழையின் ஒலியைத் தனியே கேட்டுக்கொண்டு நேற்று ஒருபுறம் வருந்தி இருந்தவளின் எண்ணெய் காணாத கூந்தல், மாசு நீங்கக் கழுவிய மணிபோல் ஆகிப் புதுமலர் பெற, இன்று நீ பெயர்ந்து செல்வாயாயின் அதுவே எம் பரிசில், ஆவியர் கோவே என்கின்றார். பரணர் பேகனுக்கு உவமையாக்கிய மழை ஈண்டு அவள் காதில் பெய்துகொண்டிருக்கின்றது. பேகனின் மழை உவர்நிலம் வரையும் சென்றது. தன் மனைக்குச் செல்லவில்லை.

நால்வரும் ஒருங்கு சென்றனரா, ஒருவர் பின் ஒருவராகச் சென்றனரா என்னும் ஆராய்ச்சியில் யாம் புகவில்லை. ஒருவர் சொல்லை மற்றவர் கேட்டிருந்தனர் என்பது மட்டும் பாட்டுக்களாலேயே பெறப்படுகின்றது. இதற்கு ஒரு தடை எழலாம். க. கைலாசபதி 1968-இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் சங்கப்பாட்டை வீரயுக வாய்மொழி மரபில் வைத்து ஆராய்ந்து, மீண்டும் மீண்டும் வரும் தொடர்களைப் பாடுநர்க்குப் பொதுவான வாய்பாடுகள் என்று காட்டினார். அவ்வாறாயின் சிறுயாழும் செவ்வழியும் பொதுவாய்பாடே. ஒருவரை ஒருவர் கேட்டமைக்குச் சான்றாகா என்று கூறலாம். தொடர்களைப் பொறுத்தவரை இத்தடையை ஏற்கின்றோம். ஆனால் பரிசிலாக ஒரு செயலைக் கேட்டல் வாய்பாடு அன்று. பொருள் வேண்டா, இன்றே செல்க, அதுவே பரிசில் என்னும் மூன்றும் ஒரே வள்ளலிடம், ஒரே நிகழ்ச்சி பற்றி, மூவர் பாட்டில் அமைந்ததை மரபு என்று மட்டும் சொல்லி விடுதல் இயலாது. மரபு அவர்க்குச் சொற்களைக் கொடுத்தது. எதைக் கேட்பது என்பதை அவர்கள் தம்முள் தேர்ந்தனர்.

பண்ணைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். வன்பரணர் நள்ளியைப் பாடிய பாட்டினால் (149) மருதம் காலைக்கும் செவ்வழி மாலைக்கும் உரியன என்பது தெளிவு. பேகன் மலையைப் பாட வந்தோர் மாலைப்பண்ணைத் தேர்ந்தனர். பிரிந்தார்க்குத் துன்பம் மிகும் பொழுது மாலை. யாழேந்தி வருவோன் அகத்திணையில் யார் என்பதும் நினைவிற்கு வருதல் வேண்டும். மருதத்துள் பாணன், பரத்தையிற் பிரிந்த தலைவனுக்காக மனைவியிடம் வாயிலாக வருகின்றான். மனைவி வாயில் மறுக்கின்றாள். ஈண்டு வாயில் திரும்பிவிட்டது. யாழோடு வந்தோர் மனைவியின்பொருட்டுத் தலைவனிடம் நிற்கின்றனர். அகத்துள் ஒருவர் பெயரைச் சுட்டிக் கூறுதல் மரபன்று என்பது தொல்காப்பிய விதி. பேகன் பெயர் சுட்டப்பட்டமையால் இவை புறமாயின. அகத்தில் பெயரின்றி, எவர்மேலும் சாராமல் இனிமையாகப் பாடப்பட்ட பொருளை, பெயரிட்டு ஒருவன் முகத்திற்கு நேரே பாடும் துணிவு இந்நால்வர்க்கு இருந்தது.

இந்நால்வர் யாவர் என்பதையும் மறத்தலாகாது. பதிற்றுப்பத்தில் ஐந்தாம் பத்தைப் பரணரும், ஏழாம் பத்தைக் கபிலரும், எட்டாம் பத்தை அரிசில்கிழாரும், ஒன்பதாம் பத்தைப் பெருங்குன்றூர்கிழாரும் பாடினர். அப்பத்துக்களின் பதிகங்கள் அவர் பெற்ற பரிசிலையும் கூறுகின்றன. கபிலர் 1,00,000 காணமும், நன்றா என்னும் குன்றின்மேல் நின்று கண்ட நாடும் பெற்றார். பரணர் உம்பற்காட்டு வருவாயைப் பெற்றார். பெருங்குன்றூர்கிழார்க்கு 32,000 காணம் அளித்ததோடு, அவர் அறியாமலே ஊரும் மனையும் அமைத்தனர். அரிசில்கிழார்க்கு 9,00,000 காணத்தோடு அரசுகட்டிலையும் அளிக்க, அவர் அரசை அவனே ஆள்க என இரந்து அமைச்சுப் பூண்டார். பதிகங்கள் பாட்டுக்களினும் பிற்பட்டவை. அவற்றின் தொகைகளை அப்படியே வரலாறாகக் கொள்ளுதல் இயலாது. ஆயினும் பரிசில் உலகின் உச்சியில் இருந்தோர் என்று பின்னோர் கருதிய புலவருள் நால்வரே பேகன் வாயிலில் பரிசிலை மாற்றிக் கேட்டனர் என்பது தற்செயல் என்று எமக்குத் தோன்றவில்லை.

செல்வம் பெற்றோர்க்கு மறுத்தல் எளிது என்பார் உளராயின், அவர் பெருங்குன்றூர்கிழாரின் வேறிரு பாட்டுக்களைப் படித்தல் வேண்டும் (புறம் 210, 211). சேரமான் குடக்கோச் சேரல் இரும்பொறையிடம் நெடிது காத்திருந்தும் பரிசில் பெறாது வெறுங்கையோடு விடைகொள்ளும் பாட்டுக்கள் அவை. நும்மை ஒத்தோர் யாவரும் இவ்வாறாயின் எம்மை ஒத்தோர் இவ்வுலகில் பிறவாதிருப்பர் என்கின்றார். வீட்டில் மனைவி உயிரோடு இருப்பாளாயின், கூற்றம் தன் கணவனைக் கொண்டுவிட்டதோ என்று எண்ணித் தானும் சாவதை விரும்பி இருப்பாள் என்கின்றார். எலியும் மடிந்த பழஞ்சுவர் மனையில், பாலின்மையால் முலையுண்ணலை மறந்த மகவோடு அவள் இருக்கும் காட்சி 211-இல் வருகின்றது. பேகன் மனைவி மழையொலியைத் தனியே கேட்டிருந்தாள் என்று பாடியவர், தம் மனையில் ஒருத்தியைத் தனியே காத்திருக்க விட்டு வந்தவர். பொருளின் அருமையை அவர்போல் அறிந்தோர் இல்லை. அதுவே எம் பரிசில் என்று அவர் சொன்ன சொல்லின் எடை இப்போது விளங்கும்.

ஐந்து பாட்டையும் அடுத்து வன்பரணரின் இரு பாட்டுக்கள் நிற்கின்றன. 148-இல், பெருமையில்லாத மன்னரை அவர் செய்யாதன செய்ததாகக் கூறிப் புகழ்தலை என் நா அறியாது என்கின்றார். உயர்ந்த கூற்று. அடுத்ததில் (149), நள்ளியின் கொடையால் எம் பாணர் மாலையில் மருதத்தையும் காலையில் செவ்வழியையும் பண்ணுகின்றனர், முறையை மறந்தனர் என்கின்றார். இதனை உரையாசிரியரும் நாமும் கொடைச் சிறப்பாகவே கொள்கின்றோம்; வன்பரணர் கருத்தும் அதுவே. ஆயினும் இதனை ஒருமுறைக்கு இருமுறை படிக்கும்போது உள்ளம் சிறிது உறுத்துகின்றது. பரிசில் நிரம்பிய இடத்தில் பண் பொழுதை மறந்தது. பேகன் வாயிலில் பரிசில் வேண்டா என்றோர் செவ்வழியை மாலைக்கே பண்ணினர்.

இது பண்டைக் காலத்துச் செய்தி மட்டும் அன்று. பல்கலைக்கழக நல்கைக் குழுவின் 2010-ஆம் ஆண்டு விதிகள், ஆசிரியர் வெளியிடும் கட்டுரைக்குப் புள்ளி கணக்கிடும் முறையை வகுத்தன. புள்ளி பணியுயர்விற்குப் பயன்படும். எழுதுவோர்க்கு ஊக்கம் அளித்தல் நன்றே. அதனைக் குறைகூறும் தகுதியும் எமக்கு இல்லை. புள்ளியின்பொருட்டு, ஒரே கட்டுரையாக நிற்கவேண்டிய ஓர் ஆய்வை இரண்டாகக் கூறிட்டு யாமும் ஒருமுறை வெளியிட்டோம். இரண்டும் அச்சேறின, இரண்டிலும் முடிபு இல்லை. பாணர் பண் மறந்த செய்தியைக் கொடைச்சிறப்பு என்று மாணவர்க்கு உரைக்கும்போதெல்லாம் அவ்விரு கட்டுரையும் நினைவிற்கு வருகின்றன.

பரிசிலுக்குப் போட்டியிடும் கூட்டத்தில் ஒருவரை ஒருவர் மறைத்தல் இயல்பு என்று நாம் எதிர்பார்ப்போம். சங்கப்பாட்டு அவ்வாறு காட்டவில்லை. மலையமான் திருமுடிக்காரியைப் பாடவந்த மாறோக்கத்து நப்பசலையார் (126), கபிலர் பாடியபின் பிறர்க்கு இடமில்லை, சேரனின் பொற்கலம் ஓடிய கடலில் பிறகலம் செல்லாததுபோன்ற நிலையினேம் யாம் என்று கூறியே தம் பரிசிலைக் கேட்கின்றார். பொருந்தில் இளங்கீரனார் (53) சேரமான் முன்னிலையில், இன்று கபிலர் இருந்தால் நன்று என்று இரங்குகின்றார். அதியமானைப் பாடும் ஔவையார் (99), பரணர் பாடியதை எடுத்துக்கூறுகின்றார். ஆற்றுப்படை என்னும் துறையே, பெற்றவன் பெறாதவனுக்கு வழிகாட்டுதலைப் பொருளாக உடையது; தொல்காப்பியர் அதனைக் கூத்தர், பாணர், பொருநர், விறலியர் நால்வர்க்கும் உரித்தாக்கினார். பேகனைப் பரணர் புகழ்ந்த 141-உம் பாணாற்றுப்படையே. பிறரைப் பேகனிடம் ஆற்றுப்படுத்தியவர், அவன் பிழை செய்தபோது தாமே சென்று வாயிலில் நிற்கும் பொறுப்பும் உடையவர் ஆனார். வழிகாட்டியவன் சொல்லை நம்பி வருவோர் உளர் அன்றோ? அப்பொறுப்பை மற்ற மூவரும் பகிர்ந்துகொண்டனர். ஒருவர் சொன்னால் அது பகை எனப்படலாம். நால்வர், நான்கு பாங்கில், ஒருவர் அழுகையைக் கூறி, ஒருவர் கடிந்து, ஒருவர் செல்வத்தை ஒதுக்கி, ஒருவர் மழையைக் காட்டிக் கூறும்போது அதனைப் பகை என்று ஒதுக்குதல் அரிது.

பேகன் தேரைப் பூட்டினானா? தொகைநூல் அது பற்றி ஒன்றும் கூறவில்லை. சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் வள்ளல் எழுவரை நிரல்படுத்தும்போது பேகனும் இடம்பெறுகின்றான். அங்கே அவனுக்கு அடையாளம் மயிலுக்கு அளித்த போர்வை. இன்றும் பள்ளி நூல்களில் அவனுக்கு அதுவே அடையாளம். ஐந்து பாட்டிற்குப் பொருளாக இருந்தவளின் பெயரோ அவற்றுள் ஒன்றிலும் இல்லை. கண்ணகி என்னும் அப்பெயரை, பாட்டின் கீழே குறிப்பெழுதிய ஒருவர் காத்து வைத்தார்.